சாவி இறுகிவிட்டது என்று கிராமபோனைக் கைவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாத்தா காலத்துக் கிராமபோனைப் பரணிலிருந்து இறக்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "யாரோ அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துவிட்டார்கள், ஸ்பிரிங் இறுகிப் போச்சு, இனி ஓடாது." அதை நம்பி நல்ல மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் அதைப் பிடுங்கிவிட்டு மின்மோட்டாரும் புளூடூத் ஸ்பீக்கரும் வைக்கிறார்கள். இந்த மோட்டார்களைப் பழுது பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதை மறுத்து எழுத உங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறோம்.

அதிகமாகச் சாவி கொடுத்ததால் மட்டும் எந்தக் கிராமபோனும் நின்றுபோவதில்லை. ஸ்பிரிங் முழுதாகச் சுற்றியிருந்தால் அது ஓடத் தயாராக இருக்கிறது என்றுதான் பொருள். அப்படியும் ரிக்கார்டை வைக்கும் தட்டு சுழலவில்லை என்றால், அந்த விசை தட்டைச் சேரும் வழியில் ஏதோ தடுக்கிறது. அந்தத் தடை முக்கால்வாசி இடங்களில் காய்ந்த கிரீஸ்தான். அதை நீக்க உதிரிப் பாகம் எதுவும் தேவையில்லை.

நம் வீடுகளில் அதிகம் இருப்பவை எச்.எம்.வி. 101, 1931-ல் வெளிவந்த 102 போன்ற கைப்பெட்டி வகைகள். காரார்டு மோட்டாரோ, தோரன்ஸ் முதலிய சுவிஸ் மோட்டாரோ வைத்த பிற கம்பெனிப் பெட்டிகளும் உண்டு. உள்ளமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் உருளை டப்பாவுக்குள் சுமார் 1 அங்குல அகலமும் 3 மீட்டர் அளவுக்கு நீளமும் உள்ள எஃகுப் பட்டை சுருண்டிருக்கும். அதன் வெளி முனை டப்பாவின் சுவரிலும் உள் முனை நடுத்தண்டிலும் கொக்கியில் மாட்டியிருக்கும். டப்பாவின் பல்சக்கரம் இடைச் சக்கரத்தைத் தள்ளும். அது தட்டைத் தாங்கும் செங்குத்துத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து வார்ம் கியர் என்ற திருகுப் பல்சக்கரம் வழியாக, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற உறுப்பு அதிவேகமாகச் சுற்றும். ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாது. இருக்கும் விசையை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டத்தான் பார்க்கும். அதை நிமிடத்துக்கு 78 சுற்றுக்குள் பிடித்து வைப்பது கவர்னர் ஒன்றுதான்.

ஆகவே எதைக் கழற்றுவதற்கும் முன்பாக ஒரு விதி. ஸ்பிரிங்கில் சாவி மிச்சம் இருக்கும்போது கவர்னர் மீது கை வைக்கவே கூடாது. அதன் திருகு ஒன்றைத் தளர்த்தினாலும் போதும், தண்டு இடத்தைவிட்டு நழுவியதும் மொத்த விசையும் கட்டவிழ்ந்து சக்கரங்கள் தலைதெறிக்கச் சுற்றும். ஃபைபரில் செய்த கியராக இருந்தால் பற்கள் வழித்தெடுத்தது போலப் போய்விடும். விரல் அகப்பட்டால் விரலும் போகும். பிரேக்கை விடுவித்து, தட்டைத் தானாக ஓடி நிற்கவிடுங்கள். நின்ற பிறகும் ஓடுகிற திசையிலேயே கையால் பத்துப் பதினைந்து சுற்றுத் தள்ளிக் கொடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்த மடிப்பு விடுபட்டு மறுபடி கொஞ்சம் ஓடக்கூடும். இனித் தள்ளினால் மட்டுமே நகரும் என்ற நிலை வந்த பிறகு மற்ற வேலை. தட்டே அசையாமல் சாவியும் முழுதாக ஏறி நிற்கும் மோட்டார் என்றால், கைப்பிடியில் விசையைத் தாங்கிக்கொண்டு, பின்னோக்கிச் சுற்றவிடாமல் தடுக்கும் சிறு நாக்கை ('நாய்' என்போம்) தூக்கி, பிடி விடாமல் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கைப்பிடி ஒருமுறை கையை மீறினால் மணிக்கட்டை உடைக்கும் வேகத்தில் திருப்பி அடிக்கும். நாய்க்குப் பதிலாகத் தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கம்பிச்சுருள் உள்ள மோட்டார்களில் இது இன்னும் கடினம். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் பழைய சுவர்க்கடிகாரம் பார்க்கிற ஆளிடம் கொடுத்துவிடலாம்.

பெட்டியைத் திறக்கும் முன்பே காதும் கையும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சாவி கொடுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் எத்தனை சுற்றும் போய்க்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. நாலைந்து சுற்று இறுகி, பிறகு 'டக்' என்று விட்டுப்போய், மறுபடி இறுகினால், உள் முனையின் துளை நடுத்தண்டின் கொக்கியைச் சரியாகப் பற்றவில்லை. கைப்பிடியை விட்டதும் அது பின்னோக்கித் திரும்பினால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை. நாயின் நுனி தேய்ந்திருக்கும், அல்லது கம்பிச்சுருளில் கெட்டி கிரீஸ் பட்டு அது வழுக்கும். அந்தச் சுருளுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும், கிரீஸ் படவே கூடாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் 'தம்' என்று இடித்து, அந்த நொடியில் பாட்டும் ஒரு குலுங்கு குலுங்கினால், அது காய்ந்த கிரீஸேதான். பலாப்பால் போல அது ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருக்கிறது. விசை மீறும்போது ஒரு சுற்று பிய்த்துக்கொண்டு தாவுகிறது. சத்தத்தைக் கேட்டு ஸ்பிரிங் உடைந்துவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். இன்னும் உடையவில்லை, ஆனால் இப்படியே ஓட்டினால் ஒருநாள் உடையும்.

தட்டு தொடங்கவே மறுத்தால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் வெளியே பாருங்கள். பிரேக்கின் கட்டை தட்டின் விளிம்பை உரசுகிறதா? தட்டு வளைந்து பலகையில் படுகிறதா? தட்டைக் கழற்ற, இரு பக்கமும் கை கொடுத்து மேலே தூக்கியபடி, நடுத்தண்டின் தலையில் மரப்பிடியால் லேசாக ஒரு தட்டு. சில வகைகளில் தண்டின் மேல் ஒரு சிறு கிளிப் இருக்கும். அதை முதலில் எடுக்காமல் இழுத்தால் தண்டுதான் வளையும்.

ஸ்பிரிங் டப்பாவைப் பிரிப்பதுதான் உண்மையான வேலை, ஆபத்தும் அங்கேதான். தோல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்க வேண்டாம். மோட்டாரிலிருந்து டப்பாவை எடுத்ததும், மூடி எந்தப் பக்கம் எந்த நிலையில் இருந்தது என்று ஆணியால் சிறு கோடு கீறிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்தத் திசையில் சுருண்டிருக்கிறது என்பதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். திசை மாற்றிப் போட்டுவிட்டு, கொக்கி மாட்டவில்லை என்று அல்லாடுகிறவர்கள் உண்டு. நடுத்தண்டைச் சாவி கொடுக்கும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பினால் கொக்கி கழன்று தண்டு வெளியே வரும். இனி டப்பாவை ஓர் ஆழமான வாளிக்குள் வைத்து, ஒரு உள்ளங்கையால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தபடி, உள்சுற்றைக் குறடால் பிடித்து ஒவ்வொரு சுற்றாக வெளியே விடுங்கள். மொத்தமாக நழுவினால் 3 மீட்டர் எஃகு ஒரே நொடியில் விரியும். அதன் ஓரம் பிளேடு போல வெட்டும்.

உள்ளே கறுப்பாக, சில சமயம் செங்கல் பொடி நிறத்தில் கட்டி கட்டியாக இருப்பதுதான் பழைய கிரீஸ். மண்ணெண்ணெய் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. பெயின்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைனோ டீசலோ அதே வேலையைச் செய்யும். வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வைத்துத் துணியால் முழு நீளத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்த கீறலில்தான் நாளை விரிசல் தொடங்கும். மேலாகப் படிந்த துருவை எண்ணெய் நனைத்த மெல்லிய ஸ்டீல் ஊலால் எடுத்துவிடலாம். குழி விழுந்த துரு இருந்தாலோ, கொக்கித் துளையின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ அந்த ஸ்பிரிங்கை நம்ப முடியாது.

உடைப்பு எங்கே என்பதைப் பொறுத்தே வைத்தியம். வெளி முனையில் துளையோடு உடைந்திருந்தால், கடைசி 2 சென்டிமீட்டரை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிட்டு, புதுத் துளை போட்டு மாட்டலாம். சில சென்டிமீட்டர் குறைவது பாட்டில் தெரியாது. உள் முனைக்கும் இதைச் செய்யலாம், ஆனால் சூடு கடைசிச் சுற்றைத் தாண்டிப் பரவினால் அந்தப் பகுதி விசையை இழந்துவிடும். நடுவில் அறுந்ததை ரிவெட் அடித்து ஒட்டுவது வீண் வேலை. புதிதுதான் வாங்க வேண்டும். வாங்கும்போது பெட்டியின் மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் காலத்துக்குக் காலம் மோட்டார் மாறியிருக்கிறது. பட்டையின் அகலம், தடிமன், நீளம், டப்பாவின் உள்விட்டம், இரு முனைகளிலும் துளையா மடிப்பா என்ற ஐந்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தடிமனான ஸ்பிரிங் போட்டால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. டப்பாவுக்குள் சுற்றுகள் குறைந்து, ஓடும் நேரம்தான் சுருங்கும்.

திரும்பப் போடும்போது வெளி முனையை முதலில் கொக்கியில் மாட்டி, டப்பாவைச் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு சுற்றாக உள்ளே அழுத்த வேண்டும். கூடவே கிரீஸ். ஒற்றை ஸ்பிரிங் டப்பாவுக்கு 20 முதல் 30 கிராம், அதாவது ஒன்றரை இரண்டு மேசைக்கரண்டி போதும். கிராபைட் கலந்த கிரீஸே அந்தக் காலத்திலிருந்து இதற்குப் பழக்கமானது. ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும் நல்ல லித்தியம் கிரீஸும் பழுதில்லை. அள்ளித் திணித்தால் டப்பாவின் இடுக்குகளில் வழிந்து கவர்னர் வரை தெறிக்கும். உள்சுற்று நடுத்தண்டைத் தளர்வாகச் சுற்றி நின்றால் கொக்கி பிடிக்காது. தண்டை நுழைக்கும் முன் அந்த ஒரு சுற்றை மட்டும் குறடால் சற்று உள்நோக்கி வளைத்துவிடுங்கள். மூடியைப் போட்ட பின், மோட்டாரில் ஏற்றும் முன்பே தண்டைக் கையால் திருப்பி, கொக்கி பற்றுகிறதா என்று பார்த்துவிட்டால் இரண்டாம் முறை பிரிக்கும் வேலை மிச்சம்.

இங்கே தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் திறக்கும் பெட்டிகளைப் பாழாக்கியிருப்பதில் முதலிடம் அதற்குத்தான். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அடுத்து. சமையல் எண்ணெய் நாளடைவில் காற்றுப்பட்டுக் கெட்டுப் பிசுபிசுக்கும். பித்தளை பேரிங்கில் பச்சை பிடிக்கும். துருநீக்கும் ஸ்பிரே ஒரு வாரத்துக்கு அற்புதமாக ஓட வைக்கும், பிறகு அது ஆவியாகி, அது கரைத்த பழைய பிசின் மட்டும் இன்னும் ஆழமான இடுக்கில் போய் உறையும். தையல் மிஷின் எண்ணெய் போதும். தட்டின் தண்டு நிற்கும் அடி பேரிங்குக்கு இரண்டு சொட்டு (அதன் அடியில் ஒரு சிறு எஃகு குண்டு இருந்தால், கழற்றும்போது உருண்டு ஓடிவிடும், கவனம்), மேல் பேரிங்குக்கும் கவர்னரின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு சொட்டு. வார்ம் கியரின் பல்லுக்கு மட்டும் துளி கிரீஸ்.

இவ்வளவும் சரியாக இருந்து பாட்டு அலை அலையாக ஏறி இறங்கினால் கவர்னரைப் பாருங்கள். ஒரு மெல்லிய தண்டு, அதைச் சுற்றி மூன்று தகட்டு ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எடைக்குண்டு, ஒரு முனையில் தண்டின் மேல் நகரக்கூடிய வட்டத்தகடு. வேகம் கூடக்கூட குண்டுகள் வெளியே விரியும், தகட்டு ஸ்பிரிங்குகள் வில்லாக வளையும், வட்டத்தகடு இழுபட்டு ஒரு தோல் அல்லது ஃபெல்ட் துண்டில் உரசும். அந்த உரசல்தான் வேகத்தைப் பிடிக்கிறது. வெளியே உள்ள வேகக் குமிழ் அந்தத் துண்டை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, அவ்வளவுதான்.

தோல் துண்டு காய்ந்து கொம்பாகியிருந்தால் தகடு பிடித்துப் பிடித்து விடும், பாட்டு நடுங்கும். ஒரு சொட்டு எண்ணெயில் ஊறவிட்டால் பல சமயம் சரியாகிவிடும். இல்லாவிட்டால் செருப்பு தைப்பவரிடம் மெல்லிய தோல் துண்டு வாங்கி வெட்டி வைக்கலாம். துண்டே விழுந்துபோயிருந்தால் தட்டு வேகக் குமிழுக்குக் கட்டுப்படாமல் பறக்கும். வட்டத்தகட்டின் குழல், தண்டில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பழைய எண்ணெய் அங்கே பிசினாகி இருந்தால் தகடு போன இடத்திலேயே நிற்கும், வேகம் கூடிக் குறைந்து கூடும். தகட்டு ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தாலும் சுழற்சி ஒருச்சாய்ந்து போகும். அது உடைவது பெரும்பாலும் திருகுத் துளையில்தான். ஒன்று உடைந்தால் மூன்றையும் மாற்றுங்கள். பழையது இரண்டு, புதியது ஒன்று என்று போட்டால் மூன்றும் ஒரே அளவு விரியாது. திருகும்போது ஸ்பிரிங் நேராகப் படுத்திருக்க வேண்டும். முறுக்கிக்கொண்டு நின்றால் திருகைத் தளர்த்தி மறுபடி போடுங்கள்.

'கடகட' என்று விடாமல் சத்தம் வந்தால் கவர்னர் தண்டின் நீளவாட்டு ஆட்டம் கூடிவிட்டது. அதன் முனை பேரிங்குகளைப் பக்கத் திருகால் தளர்த்திக் கொஞ்சம் நகர்த்தலாம். நகத்தால் தள்ளினால் ஆட்டம் இருப்பது தெரிய வேண்டும், ஒரு தாளின் தடிமனுக்கு மேல் போகக்கூடாது. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் மோட்டார் திணறும். பல மோட்டார்களில் இந்த பேரிங்குகளின் துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும்; பேரிங்கைத் திருப்பினால் வார்ம் கியர் எவ்வளவு ஆழம் கவ்வுகிறது என்பதும் மாறும். ஆகவே தளர்த்தும் முன் அது நின்ற நிலையை அடையாளமிட்டுக்கொள்ளாவிட்டால் ஒரு சத்தத்தை நீக்கி இன்னொன்றை வாங்கிக்கொள்வோம்.

வேகம் சரிபார்க்க, தட்டின் மேல் ஒரு காகிதத் துண்டை நீட்டி வைத்து, ரிக்கார்டில் ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது 30 நொடிக்கு 39 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள். ஊசி இல்லாமல் எண்ணினால் கணக்கு தப்பும், ஏனென்றால் ஊசியின் இழுவையே வேகத்தைக் குறைக்கிறது. மின்விளக்கின் சிமிட்டலை வைத்து வேகம் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப் வட்டத்தையும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடு போட்டதாகப் பார்த்து, தட்டின் மேல் வைத்துப் பயன்படுத்தலாம். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92. நியான் விளக்கோ பழைய குண்டு பல்போ வேண்டும். பல எல்.இ.டி. பல்புகளில் இந்தச் சிமிட்டல் இராது. சங்கீதம் கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தட்டு 82½ சுற்று ஓடினால் பாடகரின் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், 73½-க்கு இறங்கினால் அரைக்கட்டை தாழும். ஆரம்ப காலத்து ரிக்கார்டுகள் எல்லாமே சரியாக 78-ல் பதிவானவை அல்ல என்பதால், வேகக் குமிழைக் காதுக்கேற்பத் திருப்பவும் தயங்க வேண்டாம்.

நல்ல ஒற்றை ஸ்பிரிங் மோட்டார் ஒரு முழுச் சாவியில் 12 அங்குல ரிக்கார்டின் ஒரு பக்கத்தை, அதாவது நாலு நாலரை நிமிடத்தை, இழுக்காமல் ஓட்ட வேண்டும். கடைசி அரை நிமிடத்தில் குரல் தாழ்ந்து வந்தால் முதலில் ஊசியைப் பாருங்கள். மழுங்கிய எஃகு ஊசி தட்டைப் பிடித்து இழுக்கும், ரிக்கார்டையும் அரைத்துவிடும். பக்கத்துக்கு ஒரு புது ஊசி என்பது கஞ்சத்தனம் பார்க்கக்கூடாத இடம். ஊசி புதிதாக இருந்தும் தாழ்ந்தால் கிரீஸ், அதற்கும் பிறகுதான் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்ற சந்தேகம். கேட்டு முடித்ததும் மிச்சச் சாவியை ஓடவிட்டு, உள்கொக்கி கழலாமல் இருக்க மூன்று நான்கு சுற்று மட்டும் வைத்துப் பெட்டியை மூடுங்கள். முழுச் சாவியோடு ஆண்டுக்கணக்கில் வைத்த ஸ்பிரிங் சோர்ந்துபோகும்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பளபளக்கும் பித்தளைக் குழலும் எச்.எம்.வி. நாய்ப்படமும் ஒட்டி, பழையது என்று சந்தைகளில் விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை அண்மைக்காலத்தில் சேர்த்துக் கட்டியவை. உள்ளே இருப்பது ஏதாவது ஒரு கைப்பெட்டியிலிருந்து உருவிய மோட்டாராக இருக்கும். கைப்பிடித் துளை மோட்டாருக்கு நேராக இல்லாமல் தண்டு மரத்தில் உரசுகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இதே போல், துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் உப்பி வெடித்திருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். அந்த உலோகம் உள்ளுக்குள்ளேயே சிதைவது, ஒட்டியும் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மின்மோட்டார்தான் வேண்டும் என்று முடிவு செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பலகையில் புதுத் துளை போடாதீர்கள். கழற்றிய மோட்டாரை அதன் திருகுகளோடும் கைப்பிடியோடும் ஒரே துணியில் கட்டி, எந்தப் பெட்டியினுடையது என்று சீட்டெழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
கிராமபோன் பழுதுபார்க்கும் வாசகர்கள்,
சென்னை